நந்திதுர்க் கிளையிலிருந்து வந்த பதில்

நம்பச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனால் அன்று திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் காகிதத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். நேரம் முதற்கொண்டு.

2001, ஆகஸ்ட். கோலார் தங்கவயலில் சுரங்கங்களை மூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊரிகத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் நெட்வொர்க்கை நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஆசிரியர் பேசும் பாடத்தை எங்கள் வகுப்பறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர் என்ற பெட்டி. அந்த முறைக்கு மல்ட்டிகாஸ்ட் என்று பெயர். ஒரு மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் அடிமரத்தில் ஒரே பிரதியாக ஏறும். கிளை பிரியும் இடத்தில் மட்டும் நகலாகும். ஆள் இருக்கும் அறைக்குத்தான் கிளை. ஆள் இருப்பது எப்படித் தெரியும்? 125 வினாடிக்கு ஒருமுறை ரவுட்டர் கேட்கும்: யாராவது இருக்கிறீர்களா? அங்குள்ள கணினி பத்து வினாடிக்குள் சொல்ல வேண்டும்: இருக்கிறேன். இரண்டு முறை பதில் வராவிட்டால் கிளை வெட்டப்படும்.

என் தம்பி லாய்ட் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். வேலை போனதும், நந்திதுர்க் சுரங்கப் பக்கம் இருந்த எங்கள் வகுப்பறையில் படிக்கச் சேர்ந்தான். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட, அங்கே அவன் ஒருவன்தான். பாடம் முடிந்தால் புரோகிராமை மூடமாட்டான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்துவிடுவான்.

"ஒழுங்கா மூடினா, 'போறேன்'னு அதுவே சொல்லிடும்டா. இல்லன்னா நீ போயி நாலு நிமிஷம் வரைக்கும் நீ இருக்கறதாவே ரவுட்டரு நெனச்சிக்கினு கெடக்குது."

"கெடக்கட்டும்க்கா. நம்பள தேடறதுக்கு அதாவது இருக்குதே."

ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை. பேத்தமங்களாவில் ஒரு பம்ப்செட்டைப் பழுது பார்க்க பைக்கில் போனான். ஐந்தரை வகுப்புக்கு வந்துவிடுவேன் என்றான்.

5:30. நந்திதுர்க் கிளை சேர்ந்தது.

5:50. பூத்திலிருந்து அம்மா போன் செய்தாள்.

"இன்னா எலைன், தம்பி வந்துட்டானா? மழை வேற பிடிச்சிக்கிச்சு. நம்ம பக்கத்து வூட்டு பையன் ஏனோக்க ஸ்கூட்டர் எடுத்துக்கினு போயி பாக்கச் சொல்லட்டா?"

திரையைப் பார்த்தேன். அப்போதுதான் பதில் வந்தது. இருக்கிறேன்.

"வேணாம்மா. கிளாஸ்ல இருக்கான்."

அதன்பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பதில் எந்த வினாடியில் வரும் என்பதற்குக் கணக்கு கிடையாது. ஒருமுறை எட்டில் வரும், அடுத்தமுறை இரண்டில் வரும். அன்று அப்படி இல்லை...

6:05. நான்காவது வினாடி.

6:20. ஆறு.

6:41. எட்டு.

எண் ஏறிக்கொண்டே போனது, ஒருமுறைகூடக் குறையவில்லை. பழைய கணினி, தடுமாறுகிறது என்று நினைத்தேன்.

6:52. ஒன்பது கடந்து... பத்தைத் தொடும்போது...

இருக்கிறேன்.

6:54. ரவுட்டர் கேட்கவில்லை. அதுவாகவே வந்தது.

போகிறேன்.

பாடம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. லாய்ட் ஒருநாளும் அனுப்பாத செய்தி. திருந்திவிட்டான் என்று சிரித்துக்கொண்டேன்.

இப்படி ஒருவர் விடைபெற்றால், வேறு யாராவது இருக்கிறார்களா என்று ரவுட்டர் இரண்டு முறை கேட்டுப் பார்க்கும்.

கேட்டது.

கேட்டது.

கிளை வெட்டப்பட்டது.

7:40. ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நந்திதுர்க் அறையின் சாவி வைத்திருக்கும் ஏசுபாதத்திடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையாம்மா? வயரிங் வேலைன்னு காலையிலயே ஃப்யூஸ பிடுங்கி வெச்சிட்டேன். ரூம தொறக்கவே இல்லியே."

அன்று மாலை வீட்டுக்கு ஒருவர் வந்தார். பேத்தமங்களாவில் விவசாயம் செய்யும் கோவிந்தன். லாய்டைக் கண்டெடுத்தவர்.

"அஞ்சு மணிக்கே வண்டியோட பள்ளத்துல விழுந்திருக்காரு. நான் பாக்கறப்போ ஆறரை. அந்த மழையில ஒரு வண்டி நிக்கல. என் மடியிலதான்... ஏழுக்கு ஆறு நிமிஷம் இருக்கறப்போ."

அம்மா அழுகையை நிறுத்திக் கேட்டாள். "எதனா சொன்னானாப்பா?"

"யாரோ கூப்ட்டு கேக்கறாப்பல, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி 'இருக்கேன், இருக்கேன்'னாரும்மா. வரவர கொரலு எழும்பல. கடைசியா 'போறேன்க்கா'ன்னாரு."

என் பக்கம் திரும்பினார்.

"அந்த அக்கா நீங்கதானா?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.