கப்போர்டுக்கு அடியில் ஒரு ரசமட்டம்

மூன்று திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டால்தான் அவருக்குப் பேச்சே வரும். வாய் காலியாக இருக்கும்போது எதைக் கேட்டாலும் "ம்" என்பதற்கு மேல் பெயராது. சமையல் மேடையில் மல்லாந்து படுத்து, கால்களைப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் தொங்கவிட்டு, மேல் கப்போர்டின் அடிப்பலகையை விரல் முட்டியால் தட்டத் தொடங்கியதும் உபதேசம் ஊற்றெடுக்கும். "அவசரப்பட்டா அலங்கோலம்தான்" என்பது அவருடைய மந்திரம். ஆணிகளின் இடுக்கில் அது "அவஷப்பட்டா அலங்கோம்தாம்" என்று வரும். மனைவிக்கு மட்டும் புரியும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனதால் புரியும்.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், வாசல் நிலைகளில் எல்லாம் தலையைச் சற்றுத் தாழ்த்தித்தான் நுழைவார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டிய படத்தின் மேல் அதை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "ரசமட்டம் வராரு" என்றால் சில வீடுகளில் படத்தைக் கழற்றி வைப்பதும் உண்டு.

சமையலறையைப் புதுப்பித்த தச்சர் எல்லா வேலையும் முடித்து, மேடைக்கு வெளிச்சம் தர கப்போர்டுக்கு அடியில் ஒட்டும் எல்இடி விளக்கை மட்டும் மிச்சம் வைத்தார். எலக்ட்ரீஷியன் ஒருவரை அனுப்புகிறேன் என்றும் சொன்னார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டுவது போல ஒட்ட வேண்டியதற்கு ஆள் எதற்கு, அரை நாள் வேலை என்று தச்சரை அனுப்பிவைத்தார். அந்த அரை நாள் ஒன்றரை மாதமாக நீண்டுகொண்டிருந்தது.

முதலில் வாங்கிய விளக்குப் பட்டையை வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, மஞ்சள் அடிக்கிறது என்று கடையில் திருப்பிக் கொடுத்தார். அடுத்தது நீலம் அடித்தது. மூன்றாவதை, கத்தரிக்க வேண்டிய கோட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் கத்தரித்ததால் பாதிப் பட்டை செத்துப்போனது. செத்த பாதியை எறியவும் இல்லை. மாத்திரை டப்பாவில் சுருட்டிப் போட்டு, "செத்தது" என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். இதற்கிடையில், மேடை முழுக்க அவர் சாமான்களே பரவிக் கிடந்ததால், மனைவி படுக்கையறை மூலையில் மின்சார அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். பீரோவில் இருந்த துணியெல்லாம் தாளிப்பு மணத்தது.

அவளுக்கு விளக்கு அழகுக்காக இல்லை. ஒரு கண்ணில் புரை நீக்கி ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னொரு கண்ணில் புரை முற்றட்டும் என்று காத்திருந்தார்கள். மேடையில் நின்றால் அவள் நிழலே காய்கறி மேல் விழும். நறுக்குவது வெங்காயமா விரலா என்று சந்தேகம் வரும். வெளிச்சம் நன்றாக இருந்தால் கத்தி பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மகன், "சமையலுக்கு ஆள் வெச்சிடலாம்மா" என்று போன் பண்ணும்போதெல்லாம் ஆரம்பித்தான். நல்ல மனசோடுதான் சொன்னான். வேறொருத்தி அடுப்பைப் பற்றவைக்க, தன் சமையலறை வாசலில் தான் நின்று எட்டிப் பார்க்கும் நாளை அவளால் நினைக்க முடியவில்லை. டாக்டர் கொடுத்த கண்ணுக்கு இந்த மனிதர் வெளிச்சம் தரமாட்டேன் என்கிறாரே, சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாக இருக்கிறதே என்று புழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு ஓர் அம்மாவை அழைத்து வருவதாக மகன் சொன்னபிறகுதான் இவர் கையில் வேகம் வந்தது. சனிக்கிழமை மாலை விளக்கு எரிந்தது. கப்போர்டின் அடியில், சுவரோரமாக, நிழல் விழாதபடி சற்று முன்பக்கம் சாய்த்து ஒட்டியிருந்தார். இம்மி பிசகில்லை. வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அவள் ஆசையாகத்தான் போய் நின்றாள். கத்தியை எடுத்தாள், ஒரு வெங்காயத்தை வைத்தாள். உடனே கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். வெள்ளைப் பொட்டுகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. பலகை எங்கே, விரல் எங்கே என்று தடவினாள்.

"கண்ணு கூசுதுங்க" என்றாள்.

அவர் பக்கத்தில் வந்து நிமிர்ந்து நின்று பார்த்தார். கூசவில்லை. விளக்கே கண்ணில் படவில்லை, வெளிச்சம் மட்டும்தான் மேடையில் விழுகிறது, அதுதான் இதில் உள்ள நேர்த்தி என்று விளக்கினார். அவள் கூசுகிறது என்றாள். அவர் கூசாது என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்து மகன் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்தார்.

"லைட்டு பளிச்னு போட்டாச்சுடா. இதுலயும் அம்மாவுக்குத் தெரியலைன்னா கண்ணுலதான் கோளாறு. நாளைக்கு அந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்துடு."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒன்றரை மாதத்து ஆத்திரம். கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு விலகினாள்.

"இங்க வந்து நில்லுங்க. உங்க உயரத்துக்கு இல்ல. என் உயரத்துக்கு நில்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டார். அவளுடைய உச்சந்தலை அவர் தோளைக்கூட எட்டாது. மேடையைப் பிடித்துக்கொண்டு, முட்டி கடகடக்க, கொஞ்சம் மடங்கினார். "இன்னும்" என்றாள். இன்னும் மடங்கினார். பட்டையின் வெள்ளை மணிகள் அத்தனையும் நேராகக் கண்ணில் குத்தின. அனிச்சையாகக் கை எழுந்து நெற்றியை மறைத்தது. மற்றொரு கை வெங்காயத்தைத் தேடிப் பலகையில் துழாவியது. கத்தியின் முனையில் பட்டதும் வெடுக்கென்று பின்வாங்கியது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"ஆளெல்லாம் வேண்டாம்டா. நீ மட்டும் வா" என்றார்.

பிறகு, மடங்கிய முட்டியை நிமிர்த்தாமலே, கண்ணை இடுக்கிக்கொண்டு, பட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து உரிக்க ஆரம்பித்தார்.