இரண்டு சட்டிகளில் சமைத்த கஸ்தூரி அக்கா

கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை. ரயில் பங்காரப்பேட்டையை விட்டுக் கிளம்பியிருந்தது. நான் மடியில் செய்தித்தாளை விரித்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பெங்களூரில் வேலை முடிந்து கோலார் தங்க வயலுக்குத் திரும்பும் பெண்களில் பாதிப் பேர் இரவுச் சமையலை ரயிலிலேயே தொடங்கிவிடுவோம். வீடு போய்ச் சேர்ந்ததும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். அப்போது கைப்பேசி அடித்தது. கஸ்தூரி அக்காவின் கணவர் ஏழுமலை மாமா. அவர் எனக்குப் போன் செய்கிற ஆளே இல்லை.

"எங்க இருக்குற வள்ளி?"

"ட்ரெயின்ல மாமா. இன்னா சமாச்சாரம்?"

"கஸ்தூரி பூட்டாம்மா. சாயங்காலம் துணி மடிச்சிகினு இருந்தா. அப்பிடியே சாஞ்சிட்டா."

எதிரில் இருந்த நாகமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்று உலுக்கினாள். மடியில் இருந்த கீரை எல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது. முந்தின நாள் மாலைதான் அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நான் கொண்டுபோன குழம்பைச் சாப்பிட்டார். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி ரயில் சிநேகிதிகள் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். அந்தக் குழம்பைப் பற்றியும் எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கஸ்தூரி அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பாவும் கணவரும் சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள். சுரங்கத்தை மூடியதும் மாமா ஸ்டேஷன் அருகே சைக்கிள் கடை போட்டார், அக்கா பெங்களூருக்கு ரயில் ஏறினார். ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குழந்தைகள் இல்லை. யாராவது அதைக் கேட்டால், "ஒரு ட்ரெயின் நெறைய இருக்குதே, போதாதா?" என்பார். நான் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதினோரு வருடங்கள் ஒரே பெட்டியில் போய்வந்தோம்.

காலை ரயிலில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி வைத்த குழம்புக்குக் காலையில்தான் ருசி கூடும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு சின்ன டப்பாவில் முந்தின இரவுக் குழம்பையோ கீரைக் கடைசலையோ கொண்டுவருவோம். இட்லியும் களியும் அவரவர் வீட்டுடையது. தொட்டுக்கொள்ள எல்லார் வீட்டுக் குழம்பும் வரும். டப்பாவைத் திறந்தாலே வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். கறிக்குழம்பு என்றால் மாப்பிள்ளை வந்திருக்கிறார். வெறும் மிளகு ரசம் என்றால் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை. எங்களைப் பார்த்து "நேத்துக் கொழம்பு செட்டு" என்று அடுத்த பெட்டிக்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டுக் கையையும் நீட்டுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் போட்டவர் கஸ்தூரி அக்காதான். சட்டம் ஒன்றே ஒன்று. வந்த டப்பாவை யாரும் தள்ளக்கூடாது, ஒரு வாயாவது எடுத்தாக வேண்டும். நாகமணி வந்த புதிதில் கத்தரிக்காய் தனக்கு அரிக்கும் என்று ஒரு டப்பாவை நகர்த்தினாள். "வேணாம்னு தள்றவ அடுத்த பொட்டில போய் உக்காரு தாயே," என்று அக்கா கையைக் காட்டினார். நாகமணி அழாத குறையாக ஒரு வாய் சாப்பிட்டாள். அரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

அந்தச் சட்டம்தான் என்னைப் பிழைக்க வைத்தது. ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் விபத்தில் இறந்தார். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது நான் டப்பா கொண்டுவரவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தால்தானே. இரவில் பிஸ்கட்டும் டீயும்தான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு டப்பாவோடு வந்தார். ஒன்றில் சோறு, இன்னொன்றில் பருப்பும் முள்ளங்கியும் போட்ட சாம்பார். எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"துக்கம் வேற, பசி வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கொழப்பிக்காத. வாயத் தொற."

பெட்டி முழுக்கப் பார்க்க, நாற்பது வயதுக்காரிக்கு ஊட்டிவிட்டார். எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டாவது வாயில் அழுதுவிட்டேன். ஒரு மாதம் அப்படியே கொண்டுவந்தார். அதன் பிறகுதான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. யாரையும் வற்புறுத்திச் சாப்பிட வைப்பதுதான் அன்பு என்று அன்றைக்கு எனக்குள் பதிந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் அக்கா கார்மெண்ட்ஸ் வேலையை விட்டார். கண் சரியில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டேன் என்றார். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவார். "நாலு மணி நேர ஷிப்ட்டுதான் வள்ளி. எல்லாம் மிஷினே பண்ணிடும். நான் சும்மா கெடந்தா போதும்," என்று சிரித்தார். அதிர்ஷ்டக்காரி என்று நாங்கள் பொறாமைப்பட்டோம். எந்தக் கம்பெனி என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். வேலைக்குப் போகிற பெண்கள் பலர் அப்படிப் போடுவதுதானே, நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை அவருடைய டப்பாவில் பூசணிக்காய்க் கூட்டு வந்தது. உப்பு இல்லை, புளி இல்லை, காயில் காயின் ருசியே இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே. "இன்னாக்கா இது? ஆஸ்பத்திரி வார்டுல குடுக்குற மாதிரி கீது. மாமா உப்பத் தூக்கி ஒளிச்சு வெச்சிட்டாரா?" என்றேன். பெட்டியே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை காரசாரமாக மீன் குழம்பு கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவருடைய டப்பாவில் ஒரு நாளும் உப்பு குறைந்ததில்லை.

எங்கள் டப்பாக்களையும் அவர் தள்ளவில்லை. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "காத்து வாங்கிட்டு வரேன்," என்று கதவுப் பக்கம் போவார். திரும்பி வந்து, "புளி தூக்கல்," "பெருங்காயம் போடலியா?" என்று சரியாகச் சொல்வார். வெளியே துப்பிவிட்டு வந்துதான் சொல்லியிருக்கிறார் என்பது இப்போது தெரிகிறது. மூன்று வருடம் எதிரிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. புத்தகங்களை எண் பார்த்து அடுக்குகிறேன், பக்கத்தில் இருந்த மனுஷியைப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாலை ஆறு மணி இருக்கும். மொச்சைக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். தக்காளியும் புளியும் தாராளமாக விட்டு, எண்ணெய் மிதக்க. அக்காவுக்கு அதுதான் உயிர். ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் நின்றார். வழியை விட்டு நகரவில்லை.

"அவளுக்கு வயிறு சரியில்லம்மா. இன்னொரு நாளைக்குக் குடேன்."

"கருவாட்டுக் கொழம்புக்கா வயித்தப் பாக்குறீங்க? நீங்க ஒண்டியா துன்னலாம்னு பாக்குறீங்களா மாமா?"

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "வழிய வுடுய்யா. ஆசையா கொண்டாந்துகிறா."

மாமா நகர்ந்தார். அவர் அக்காவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் முகம் வீங்கியிருந்தது. தூங்கி எழுந்த வீக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் களி கிண்டச் சொன்னார். மாமா கிண்டி வைத்தார். அக்கா களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான்தான் ஊற்றினேன். கடைசியில் தட்டை வழித்து விரலைச் சப்பினார். "இத துன்னு எத்தினி நாளாச்சு வள்ளி," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் இல்லை.

ரயிலிலிருந்து நேராக அவர் வீட்டுக்குத்தான் ஓடினேன். அக்காவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டுவதற்காக முழுக்கைச் சட்டையைக் கழற்றியபோது இடது கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே நரம்பு கயிறு போலப் புடைத்து, நெடுக ஊசித் தழும்புகள். மாமா சொல்லித்தான் தெரிந்தது: இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, செவ்வாயும் வெள்ளியும் பெங்களூர் ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவர் சொன்ன நாலு மணி நேர ஷிப்ட்டு அதுதான்.

இரவு கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மாமாவிடம் கேட்டேன். கேட்காமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது.

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிகினா. சொன்னா டப்பா நின்னுடும், பாவமா பாப்பாங்கன்னா. ரெண்டு சட்டி வெப்பாம்மா. காய வேகவெச்சு, தண்ணி வடிச்சு, மறுபடியும் வேகவெச்சு, உப்பில்லாம ஒரு சட்டி எங்க ரெண்டு பேருக்கும். இன்னொரு சட்டி உங்க ட்ரெயினுக்கு. அதுல ஒரு சொட்டு வாயில வெக்க மாட்டா. உப்பு பாக்குறது மட்டும் என் வேல."

"நேத்து நான் குடுத்தது... அதனாலதானா மாமா?"

"இதயம் நின்னுடுச்சுன்னாரு டாக்டர். எதனாலன்னு நான் கேக்கல. கேட்டு இன்னா பண்ணப் போறேன்?" பிறகு சொன்னார்: "ஆனா வயிறார துன்னா. மூணு வருசத்துல நேத்து ஒரு நாள்தான்."

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. உப்பும் புளியும் தக்காளியும் அந்த நோய்க்கு எவ்வளவு ஆகாது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சில நாள் அக்கா மேல் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேனே. சில நாள் மாமா மேல் வருகிறது. மற்ற நாளெல்லாம் என் மேல்தான். வாசலில் வழிமறித்து நின்ற மனிதரை நான் கேலி பேசி விலக்கினேன். அந்தப் பாவத்தை யாரிடம் கொண்டுபோய் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் காலையில் டப்பாக்கள் கை மாறுகின்றன. ஆனால் யாராவது வேண்டாம் என்றால் நாங்கள் பேசாமல் வாங்கி மூடிவிடுகிறோம். கத்தரிக்காயைக் கண்டால் நாகமணி அழுகிறாள்.

பதினாறாம் நாள் படையலுக்கு ஆளுக்கொன்றாகச் சமைத்துக்கொண்டு போனோம். நான் பூசணிக்காயை வேகவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேகவைத்து, உப்பே போடாமல் எடுத்துப் போனேன். அதற்கு மேல் எதையும் அவர் இலையில் வைக்க எனக்குத் துணிவில்லை. மாமா ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து, அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"போதும்மா, மூணு வருசம் துன்னுட்டா. இனிமே அவளுக்கு எல்லாம் ஆவும்."

இலை நிறைய வைத்தோம். விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நின்றோம். மாமாவும் என்னோடு தெருவில் நின்றார். உள்ளே அக்காவும் இலையும் மட்டும். இன்னும் கொஞ்சம் என்று ஊற்றுவதற்கு நான் இல்லை. வேண்டாம் என்று தடுக்க மாமா இல்லை.

நிதானமாகச் சாப்பிடுங்கள் அக்கா. கதவை நாங்கள் அவசரப்பட்டுத் திறக்க மாட்டோம்.