‘பார்த்தேன், சரி’ என்று நான் எழுதிய வரி

தென்காசியில் வீட்டு மாடியில்தான் என் வேலை. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் கெர்னலுக்குப் பலரும் மெயில் பட்டியலில் அனுப்பும் நிரல்களைப் படித்துப் பிழை சொல்வதும் அதில் ஒரு பகுதி.

அந்தச் சாரல் மாதத்தில் பிரேசிலிலிருந்து ஒருவன் சின்ன ஃபங்ஷன் ஒன்றை, ஒரே ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டை, அனுப்பியிருந்தான். ஒரு போர்டில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது என்ற விவரம் மரம்போலக் கிளை கிளையாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்களை இயக்கும் டிரைவர் நிரல்கள் தங்களுக்கு வேண்டிய கிளையை அதில் தேடி எடுத்துக்கொள்ளும். அந்தத் தேடலை ஒவ்வொரு டிரைவரிலும் தனித்தனியாக எழுதிவைத்திருந்தார்கள். அவன் அதையெல்லாம் ஒரே ஃபங்ஷனாக்கியிருந்தான். கெர்னலில் சேர்க்கச் சொல்லித் தான் அனுப்பும் முதல் மாற்றம், முதல் பேட்ச், இது என்றும் சொல்லியிருந்தான். படித்தேன், அழகாக இருந்தது. ‘பார்த்தேன், சரி’ என்று கீழே என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணனோடு குற்றாலத்துக்குப் போனேன். அவன் ராணுவத்தில் இருக்கிறான், மறுநாள் லீவு முடிகிறது. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வந்தால், தண்ணீர் அதிகம் என்று போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். குறையும் என்று காத்திருந்தோம். சும்மா நின்றபோதுதான் அந்த நிரல் மறுபடி மனதில் ஓடியது.

ஒரு கிளையை எடுக்கும்போது அதைப் பிடித்திருப்பதாகக் கெர்னலிடம் சொல்ல வேண்டும், வேலை முடிந்ததும் விட வேண்டும். அவன் உள்ளே பயன்படுத்தியிருந்த பழைய தேடல், எந்தக் கிளையிலிருந்து தேடத் தொடங்குகிறதோ அதைத் தானாகவே விட்டுவிடும். அது தெரியாத டிரைவர் பிறகு தானும் ஒருமுறை விடும். ஒருமுறை பிடித்ததை இரண்டுமுறை விட்டால், எங்கோ ஒரு மெஷின் காரணம் தெரியாமல் நின்றுபோகும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை.

அங்கேயே நின்று போனில் மெயில் எழுதினேன். கூட்டத்தில் சிக்னல் இல்லை, மெயில் போகவில்லை.

“ஏட்டி, குளிக்க வந்த எடத்துல போன என்ன நோண்டுத?”

“தப்பு பண்ணிட்டேண்ணே. சரியில்லாததச் சரின்னு சொல்லிட்டேன்.”

“யாருட்ட?”

“பிரேசில்ல ஒருத்தன்.”

“அவனுக்குப் போனப் போடு.”

“நம்பர் தெரியாது. ஆளையே தெரியாதுண்ணே.”

“பின்ன என்னத்துக்கு அழுத?”

அப்போதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது. கயிற்றை அவிழ்க்கவே இல்லை. எண்ணெய் உடம்பின் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் கார் எடுத்தான். அங்கன ஒரே நெரிசல், வண்டி நகரவில்லை. எண்ணெய் கண்ணில் இறங்க, துடைத்துக்கொண்டே ஓட்டினான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தப் பகுதியின் பொறுப்பாளர் பேட்சைச் சேர்த்துவிட்டிருந்தார். என் சொல்லை நம்பித்தான் சேர்த்திருக்கிறார். பிழையை விளக்கி, மன்னிப்பும் கேட்டு எழுதினேன். மறுநாள் அவர் அந்தப் பேட்சை முழுவதுமாக நீக்கிவிட்டார். நீக்கியதற்குக் காரணமாக ஒரே வரி எழுதியிருந்தார். அதில் பிரேசில்காரன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை.

அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. “நீங்கள் பார்த்துவிட்டதால் நான் மறுபடி சோதிக்கவில்லை. உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு வருந்துகிறேன்.”

தவறு என்னுடையது, திருத்தி மறுபடி அனுப்பு, நான் கூட இருக்கிறேன் என்று எழுதினேன். பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து, திருத்த வேண்டிய இரண்டு வரியையும் நானே எழுதி அனுப்பினேன். அதற்கும் இல்லை. அண்ணன் போனில் கேட்டான், “அந்தப் பய பேசுனானா?” இல்லையென்றேன். “நீ என்ன செய்வ, விடு” என்றான்.

அந்த மெயில் பட்டியலில் பிறகு பிரேசில்காரன் பெயரை நான் பார்க்கவே இல்லை.