சீமாட்டியின் முன் இருக்கை

என் கணவர் போன செய்தியைக்கூட எனக்கு டொரத்திதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெல்பேர்னில் எங்கள் நோபல் பார்க் வீட்டுக் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ரெலிபோனில் அவள் பேசிய இங்கிலீசில் எனக்கு இரண்டு சொல்தான் விளங்கியது. ஒன்று அவருடைய பெயர், "யோகா". மற்றது "சொறி". கடைசி நேரத்திலும் அவள்தான் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அழுகைக்கு முன்னம் எனக்கு வந்தது எரிச்சல்தான். எனக்குப் பொய்யாக எழுதத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு யாராவது படித்தவர்களைக் கொண்டு எழுதுவிப்போம் என்றேன். மகள் துளசி விடவில்லை. "நீங்களே எழுதுங்கோ அம்மா. அப்பாவோட ஆகக் கூடுதலாச் சண்டை பிடிச்சது நீங்கதானே." நான் ஏழாம் வகுப்பு மட்டும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் யோகலிங்கம் டண்டினோங்கில் அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயின்ற் அடிக்கிற வேலை செய்தார். பத்துக் கை மாறிய வான் வண்டியை வாங்கினாலும் மலையடிவாரத்தில், த பேசின் என்ற ஊரில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோவார். பூசை செய்து, நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் ரோட்டில் விடுவார். புல்லு வெட்டுகிற மெசினுக்கும் தேசிக்காய் வைத்தவர். ஐயர் சிரித்தார், இவர் சிரிக்கவில்லை.

அந்தக் கோயிலுக்குப் போகிற வழியில்தான் டொரத்தியின் வீடு. தனியாக இருக்கும் வயதான வெள்ளைக்காரி. ஒருநாள் வான் சூடேறி நின்றுவிட, தண்ணீர் கேட்டுப் போனவர் அவளுடைய கோழிக் கொட்டிலுக்குள் ஒரு பழைய காரைக் கண்டுவிட்டார். வீட்டுக்கு வந்தபோது அவருடைய முகம் பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையின் முகம். எங்கள் கலியாணத்தன்றும் அந்த முகத்தை நான் காணவில்லை.

"இஞ்சரும் பவளம், அவள் ஒரு சீமாட்டி."

"ஆர், அந்தக் கிழவியோ?"

"நான் காரைச் சொல்லுறன்."

பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடு சீமாட்டியின் கதைதான். இங்கிலாந்தில் சைக்கிள் திருத்திய தமையனும் தம்பியும் தொடங்கிய கொம்பனியாம். சனங்கள் காரைக் கண்டு ஒதுங்கி நின்ற காலம். ஒவ்வொரு காரையும் கையாலேயே செய்தார்களாம். கதவு சாத்தினால் சத்தம் கேட்கக்கூடாது என்பது தமையனின் கட்டளை. கேட்டால் கதவைக் கழற்றி முதலிலிருந்து தொடங்கவேண்டும். ராசாக்களும் நீதிபதிகளும் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்களாம். பிறகு உலகமெல்லாம் கையில் காசில்லாத காலம் வந்தது. சின்னக் கார் செய்வோம் என்று தம்பி கெஞ்சினார். எங்கள் பெயரைத் தகரத்தில் ஒட்டமாட்டேன் என்று தமையன் நின்றார். கொம்பனியே மூடுப்பட்டது. மெல்பேர்னில் அந்தக் கார்களை விற்றவர் டொரத்தியின் தகப்பன். கடைசிக் காரை மலிவாகக் கொடுக்க மனம் வராமல் கொட்டிலில் விட்டவர்.

"வீம்பு பிடிச்சு அழிஞ்ச கூட்டம்" என்றேன்.

"ஓம், வீம்புதான். ஆனா அந்தக் கதவை ஒருக்காச் சாத்திப் பார்த்தாத் தெரியும்" என்றார்.

காரை டொரத்தி அவருக்கே கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் இடமில்லாததால் அங்கேயே வைத்துத் திருத்தினார். ஆறு வருடம், ஒரு ஞாயிறும் தவறவில்லை. டொரத்தியின் தேத்தண்ணி நல்ல சாயமாம். என் தேத்தண்ணிக்கு அவர் ஒருநாளும் வாய் திறந்தவரில்லை. அவள் "ஓம்" சொல்லப் பழகிவிட்டாள் என்று பெருமையாகச் சொன்ன அன்று, வேண்டுமென்றே கறிக்கு உப்புப் போடாமல் விட்டேன். கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

கார் ஓடத் தொடங்கிய ஞாயிறு, வேட்டியோடு வந்து நின்றார். கையில் நாலு தேசிக்காய்.

"சீலையைக் கட்டும். ஐயரிட்டச் சொல்லியாச்சு. முன்சீற்றில நீர்தான்."

"ஆறு வருசமா அவளோட இருந்து செய்த கார்தானே. அவளையே ஏத்துங்கோ. எனக்கு பஸ் இருக்கு."

தேசிக்காய்களை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு போனார். பிறகும் இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் அங்கே போனார்; அவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் மலையடிவாரமெல்லாம் ஊர்வலம் போகிறார்கள் என்று நினைத்து நினைத்துப் புழுங்கினேன். இங்கிலாந்துத் தமையனை வீம்பன் என்று சொன்னவளும் நான்தான்.

செத்தவீட்டுக்கு டொரத்தி ஒரு பிஸ்கற் ரின்னோடு வந்தாள். திறந்தால் அதே நாலு தேசிக்காய், காய்ந்து கறுத்து, கல்லு மாதிரி. அவள் சொல்லச் சொல்லத் துளசி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அந்தக் கார் ஒருநாளும் கேற்றைத் தாண்டேல்லையாம். அப்பா கேற் மட்டும் ஓட்டிப்போட்டுத் திருப்பி உள்ளுக்கு விடுவாராம். என்ர மனிசி ஏறாமல் பூசை இல்லை, பூசை இல்லாமல் றோட் இல்லை எண்டவராம்."

"அப்ப இவவை?"

"ஏத்தேல்லையாம். கேட்டும் பார்த்தவவாம். உங்களில அவவுக்குச் சரியான எரிச்சலாம்."

டொரத்தி என்னைப் பார்த்து, "ஓம்" என்றார்.

போன கிழமை அந்தக் கொட்டிலுக்குப் போனேன். முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினேன். சாத்துப்பட்டதோ என்று திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி. அவரும் அப்படித்தான் சத்தமில்லாமல் போனார்.

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்ததும் துளசி காரை ஓட்டுவாள். புதுத் தேசிக்காய் வாங்கிவிட்டேன். புருசனை இழந்தவள் பூசைக்குப் போகிற வாகனத்தில் முன்னுக்கு இருக்கலாமோ என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இடத்தை எனக்கென்று வைத்தவர் அவர். டொரத்தியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் பின்னுக்கு இருக்கட்டும்.

இஞ்சருங்கோ, நான் சீலை கட்டிவிட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போயிட்டு வாங்கோ.