வேண்டாம் என்றவள்

மார்ச் மாதம் வந்துவிட்டால் பேங்க்காரியின் புருஷனும் பாதி பேங்க்காரன்தான். எடப்பாடியில் ஒரு சின்னத் தனியார் வங்கிக் கிளைக்கு என் மனைவி மேனேஜர். டெபாசிட் ஏறாவிட்டால் கிளையை மூடி, அவளை அயோத்தியாப்பட்டணத்துக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தினமும் பஸ் மாறி மாறிப் போய்வர வேண்டும். இங்கே ஓடும் என் தறியை விட்டுவிட்டு நானும் குடிபெயர முடியாது.

அதனால் டெபாசிட் கேட்டுச் சொந்தக்காரர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறினேன். என் பெரியப்பா பக்கத்துப் பேரூராட்சிக்குத் தலைவர். பஸ் நிலையம் கட்ட வந்த பணம் கைவசம் இருக்கிறது என்றார். விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு வரவழைத்துவிட்டேன்.

"அந்தப் பணத்த உன்ற பேங்க்லயே போட்டுறலாஞ் சாமி" என்றார் அவளிடம், எலும்பைக் கடித்தபடி.

அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, "வேண்டாங்க மாமா. பொதுப் பணத்த எங்க பேங்க் இவ்ளோதான் வாங்கலாம்னு சட்டத்துல வரம்பு இருக்குதுங்க. அது ரொம்பிப் போச்சுங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்புள்ள, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஊடு தேடி வர்றத எவளாச்சும் வேண்டாம்பாளா?"

"எங்களுது சின்ன பேங்குங்க. நாளைக்கு முழுகிப்போயி உங்க பணம் போச்சுன்னா நீங்க வந்து சண்ட போடுவீங்க. பஸ் ஸ்டாண்டுப் பணம் போச்சுன்னா ஆருங்க வந்து கேப்பாங்க? சனம் பாட்டுக்கு வெயில்ல நிக்குமுங்க."

பெரியப்பாவின் முகம் சுண்டிவிட்டது. மோர் கூடக் கேட்காமல் கை கழுவிவிட்டுப் போனார். மறுநாள் இவளே எதிரே இருந்த அரசு வங்கியில் பேசி, அந்தப் பணத்தை அங்கே போட வழி செய்தாள். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. உள்ளுக்குள் மட்டும், இவளைக் கட்டியதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சொன்னபடியே கிளையை மூடினார்கள். அயோத்தியாப்பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் முதல் நாள் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது பெரியப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு செக்கை எடுத்தார்.

"தோட்டம் வித்த காசு சாமி. ஊர்ப் பணமில்ல, என்ற பணம். இதுக்கும் வரம்பு கிரம்பு இருக்குதா?"

"இல்லீங்க மாமா. ஆனா அயோத்தியாப்பட்டணம் தூரமுங்களே. இங்கயே எத்தன பேங்க் இருக்குது."

"இருக்குது. வேண்டாம்னு சொல்ல அங்கெல்லாம் ஆளில்லியே" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.