அத்தானோடு சஞ்சீவி மலை ஏறிய நாள்

அத்தான் ஊருக்கு வருகிறார் என்றாலே எனக்குப் பாதி உயிர் போய்விடும். என் அக்காவைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஊர் சுற்றும் ஆசை முற்றிவிட்டது. இந்த முறை ராஜபாளையம். நான் பிறந்து வளர்ந்து இன்றுவரை குடியிருக்கும் ஊரை எனக்கே சுற்றிக்காட்டப் போவதாகச் சொன்னார்.

எனக்குத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் சின்ன யூனிட் இருக்கிறது. அந்த வாரம் ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்டு என்று சொல்லி விடியுமுன்னே நழுவிவிட்டார். ஆக, புளியோதரை கிண்டுவதும் கார் ஓட்டுவதும் என் தலையில் விழுந்தன.

விடிகாலையில் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு போட்டவர் அவர்தான். ஒரு ஷூவைப் போட்டு, கழற்றி, இன்னொன்றைப் போட்டு அவர் வாசலுக்கு வருவதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.

"மொதல்ல சஞ்சீவி மலை. அது என்ன மலையா? கரடு. டக்குன்னு ஏறி இறங்கிரலாம்" என்றார்.

அக்காவுக்கு முழங்கால் வலி. அடிவாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நானும் அத்தானும் படியேறினோம். ஏறும்போது அவர் வாய் ஓயவில்லை. கொடைக்கானலில் எப்படி வைத்திருக்கிறார்கள், ஏற்காட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள், நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு மலையைக் கையில் கொடுத்தாலும் பிழைக்கத் தெரியாது. நடுவில் யூனிட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, ஜிப்பு தீந்துபோச்சு." நான் மூச்சு வாங்கிக்கொண்டே ஜிப்புக்கு வழி சொன்னேன். அத்தான் பக்கத்தில் நின்று, "வந்த எடத்துலயும் போனா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பாதிக்கு மேல் ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, ஊர் முழுவதும் கீழே தெரியும். அங்கே திடீரென்று அவர் பேச்சு நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். பாறையில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்து அதைப் பிடித்தபடி நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"என்ன அத்தான்? நெஞ்சு வலிக்கா?"

"அதெல்லாம் இல்ல. செத்த நேரம் நிக்கேன்."

"மேல போவமா?"

"வேண்டாம்."

"அப்ப கீழ எறங்குவோம்."

"அதுவும் வேண்டாம்."

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எங்களைத் தாண்டி மேலே போனாள். நான் கை நீட்டினால் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். தொடையில் கையை ஊன்றி ஊன்றி அவள் ஏறி வந்தாள். அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை.

"இவியளுக்கு ஒசரம் ஆகாதுட்டி. வீட்டு பால்கனியில காயுத துணிய எடுக்கக்கூட வரமாட்டாவ."

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா பயணமே இல்லைனு ஆயிரும். நான் இந்த மலப்பக்கம் வந்து எம்புட்டு வருசமாச்சு!"

அக்கா ஒரு படி கீழே உட்கார்ந்தாள். அத்தான் கண்ணைத் திறக்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். இருவரும் அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து, படிப்படியாக இறங்கினார்கள். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தண்ணீர் பாட்டிலையும் அவருடைய தொப்பியையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன்.

அடிவாரத்தில் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டதும் பழைய அத்தான் திரும்பி வந்துவிட்டார். "அடுத்து அய்யனார் கோவில்!"

காட்டாற்றைத் தாண்டிப் போகவேண்டிய கோவில் அது. செக்போஸ்ட்டிலேயே மறித்துவிட்டார்கள். மேலே மழை, ஆற்றில் தண்ணீர் வருகிறது, யாரையும் விடமாட்டோம் என்றார் வனக்காவலர். அத்தான் காரை விட்டு இறங்கினார். "நாங்க சென்னையில இருந்து வந்திருக்கோம்."

"தண்ணிக்கு அது தெரியாதுல்ல சார்" என்றார் அவர்.

அத்தான் விடவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காருக்குள் தள்ளாத குறையாக உட்காரவைத்தேன். புளியோதரையை ஒரு மாந்தோப்பு ஓரத்தில் நின்றுகொண்டே தின்றோம். உப்புக் குறைவு என்றார்.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பு. அங்கே நரை அணில் உண்டு. அத்தான் போனைத் தூக்கிப் பிடித்து மரம் மரமாகத் தேடினார். கண்டுபிடித்தது அக்காதான். பெரிய புளியமரத்தின் உச்சிக் கிளையில், பூனை அளவுக்கு ஒரு சாம்பல் உருவம் காலை நீட்டிப் படுத்திருந்தது. நீளமான வால் கீழே தொங்கியது. அத்தான் ஓடி வந்து படம் எடுப்பதற்குள் அது இலைகளுக்குள் நகர்ந்துவிட்டது.

"அணில்தானே. போவமா?" என்றார்.

"நீங்க கார்ல இருங்க. நான் செத்த நேரம் பாத்துட்டு வாரேன்" என்றாள் அக்கா, மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார் போல. நேராகக் காரில் போய் உட்கார்ந்தார். நானும் அக்கா பக்கத்தில் நின்றேன். அணில் மறுபடி வெளியே வந்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

திரும்பும் வழியில் அத்தான் சென்னை நண்பர் ஒருவருக்குப் போன் போட்டார். "சஞ்சீவி மலை ஏறினோம்யா. சின்ன மலைதான், ஆனா மேல இருந்து வியூ பிரமாதம்!"

பின்சீட்டிலிருந்த அக்காவைக் கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால், அந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டி அவரை இறக்கிவிட்டிருப்பேன்.