ஸ்ரீதரன் சொருகிய ஐந்தாவது வயர்

பெல்மதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிரிண்டர் ஏதாவது முரண்டு பிடித்தால், விற்ற கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஸ்ரீதரனுக்குத்தான் போடுவார்கள். "தம்பி, நம்ம பொட்டி மூச்சுக்காட்ட மாட்டேங்குது, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்பார்கள். அவனும் போவான், பார்ப்பான், சரியாக்குவான். "கெட்டிக்காரப் புள்ள" என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவான். தன்னடக்கம் என்று ஊர் நினைத்தது. தன்னடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. அது சுத்தமான வெட்கம். அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது என்று அவனுக்குத்தான் தெரியும்.

அப்பா செல்லையா, ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் காலம் முழுக்க நின்றவர். மகன் ஏ.எல். படித்து, இரத்தினபுரியில் ஆறு மாதம் கம்பியூட்டர் பழகி, அதே தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக உட்கார்ந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகனுக்கும் புரியவில்லை, கோளாறு அங்கேதான் ஆரம்பம். தொழிலாளர் லயத்திலிருந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவன். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று யாரிடமாவது சொல்லவேண்டி வந்தால் மட்டும் நாக்கு எழாது.

2007ஆம் ஆண்டு ஆபீஸில் மூன்று கம்பியூட்டர், மூன்றுக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர். நடுவில், மேசைக்கடியில், ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் அந்தப் பெட்டிக்கு வரும். யார் எந்த மேசையிலிருந்து அழுத்தினாலும் தாள் ஒரே இடத்தில் வந்து விழும். ஆக நான்கு வயர். ஐந்தாவதாக ஒன்றும் கிடந்தது. ஸ்டோர் அறையில் கம்பியூட்டர் வைக்கப்போவதாகச் சொல்லி வாங்கிய வயர் அது. கம்பியூட்டர் வரவேயில்லை. வயரின் ஒரு முனை பெட்டியில் இருந்தது, மறுமுனை அலுமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அதை யாரும் கவனித்ததில்லை.

ஆபீஸைக் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் புஷ்பவதி. நாற்பது வயது இருக்கும், தனி ஆள். முன்பு கொழுந்து எடுத்தவள். மழை நாளொன்றில் கூடையோடு தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்து முழங்கால் கெட்டுப்போனது. மலை ஏற முடியாது என்று டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆபீஸ் வேலை கிடைத்தது. ஸ்ரீதரன் வேலைக்கு வந்த முதல் நாளே "தம்பி, சீனி எத்தனை கரண்டிங்க?" என்று கேட்டவள். நம்ம பிள்ளை ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவனைவிட அவளுக்குத்தான் பெருமை.

அந்த வருடம் ஆயுத பூசை சனிக்கிழமை வந்தது. ஃபாக்டரியில் ரோலருக்கும், லொறிக்கும், செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் எப்போதும் பூசை உண்டு. ஆபீஸுக்குக் கிடையாது. ஸ்ரீதரன்தான் பெரிய கிளாக்கரிடம் போய்ச் சிங்களத்தில் பேசி அனுமதி வாங்கினான். பெரிய கிளாக்கர் மாத்தறைக்காரர், முப்பது வருடத் தோட்ட உத்தியோகத்தில் தமிழும் பழகியவர், நல்ல மனிதர்.

"பொட்டு வை, பூ வை, என்னவும் செய். வயரைக் கழற்றாதே, திங்கட்கிழமை தேயிலை லொறி கொழும்புக்குப் போகவேண்டும்" என்றார்.

"கழற்றமாட்டேன் சேர்" என்றான் இவன்.

கழற்றினான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே மேசையில் அடுக்கினால்தானே பார்க்க அழகு. புஷ்பவதியிடம் ஈரத்துணியைக் கொடுத்து, "அக்கா, நல்லா அழுத்தித் தொடைங்க, தூசி இருக்கக் கூடாது" என்றான். அவள் துடைத்தாள். சந்தனம், குங்குமம், மாலை. பெரிய கிளாக்கர்கூட வந்து கும்பிட்டு, அவல் கடலை வாங்கிக்கொண்டு போனார். ஸ்ரீதரனுக்குக் கால் தரையில் படவில்லை.

எல்லோரும் போனபின் அவசர அவசரமாக வயர்களை மாட்டினான். நான்கும் மாட்டியாயிற்று. அலுமாரியை நகர்த்தியதில் ஐந்தாவது வயரின் முனை வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. எதிலிருந்தோ கழன்ற முனை என்று நினைத்து, பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகிவிட்டான். வயர் எங்கிருந்து வருகிறது என்று கையால் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும். பார்க்கவில்லை, ஐயாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

திங்கட்கிழமை காலை பெரிய கிளாக்கர் லொறிக்கான டெஸ்பேட்ச் தாளை அழுத்தினார். தாள் வரவில்லை. இன்னொரு முறை, இன்னும் பத்து முறை. ஃபாக்டரி வாசலில் லொறி நின்றது. ஸ்ரீதரன் பிரிண்டரை அணைத்துப் போட்டான், தாள் தட்டைத் திறந்து மூடினான், டோனரை எடுத்துக் குலுக்கினான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய கிளாக்கர் பழைய கார்பன் புத்தகத்தைத் தேடியெடுத்துக் கையால் எழுதி லொறியை அனுப்பப் பார்த்தார். கையெழுத்துத் தாளுக்குக் கொழும்பில் தேயிலையை இறக்கமாட்டார்கள் என்று டிரைவர் சொல்லிவிட்டான். அவர் பிரிண்டரைச் சுற்றி வந்தார். பின்பக்கம், வயர் மாட்டுகிற இடத்தில், குங்குமம் அப்பியிருந்தது.

"வயரைக் கழற்றினாயா?"

"இல்லை சேர்" என்றான் ஸ்ரீதரன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "புஷ்பவதி அக்கா ஈரத்துணியால் துடைத்தார்" என்றும் சொன்னான்.

சிங்களத்தில்தான் சொன்னான். ஆனால் அந்தப் பக்கத்தில் சிங்களம் புரியாத ஆள் யார்? தேத்தண்ணித் தட்டோடு கதவருகே நின்ற புஷ்பவதிக்கு முகத்தில் ஈயாடவில்லை. துணியைக் கொடுத்தது யார், அழுத்தித் துடைக்கச் சொன்னது யார் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஆமாங்க ஐயா, நான்தான் தொடைச்சேன்" என்றாள்.

இரத்தினபுரியிலிருக்கும் தாஸிமுக்கு ஸ்ரீதரன் போன் போட்டான். கம்பியூட்டர்களைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தவர் அவர். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரிண்டரில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் சோதனைத் தாள் வருகிறதா? வந்தது. "அப்ப பிரிண்டருக்கு ஒண்டும் இல்ல. கம்பியூட்டர்ல இருந்து பிரிண்டரக் கூப்பிட்டுப் பாருங்க, பதில் வருதா?" வரவில்லை. "அப்ப கோளாறு நடுவுலதான். சுவிட்ச் பொட்டில லைட்டு எப்பிடி எரியுது?"

ஸ்ரீதரன் குனிந்து பார்த்தான். எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் படபடவென்று துடித்தன. காலையில் அதைப் பார்த்து, பூசை போட்டதில் பெட்டிக்கே உற்சாகம் வந்துவிட்டது என்று மனதுக்குள் சிரித்தவன் அவன்.

"லூப் ஒண்டு விழுந்திருக்கு தம்பி. ஒரே வயருட ரெண்டு முனையும் அந்தப் பொட்டிக்குள்ளயே சொருகியிருக்கும். போனது திரும்பத் திரும்பச் சுத்தி வருது, வேற ஒண்டுக்கும் வழி இல்ல. அதக் கழட்டுங்க."

மேசைக்கடியில் மண்டியிட்டு, ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டு போனான். ஐந்தாவது வயர் அலுமாரியைச் சுற்றிக்கொண்டு அதே பெட்டிக்குத் திரும்பி வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. முனையை இழுத்தான். அடுத்த நிமிடம் பிரிண்டர் உறுமிக்கொண்டு, காலையிலிருந்து அழுத்திய டெஸ்பேட்ச் தாளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பியது. ஆபீஸே கைதட்டியது. பெரிய கிளாக்கர் வந்து முதுகில் தட்டினார்.

"என்ன கோளாறு?"

காலையில் சொன்ன பொய்க்காவது ஒரு சாக்கு உண்டு. அப்போது அவனுக்கு உண்மை தெரியாது, பயம்தான் இருந்தது. வயரைக் கழற்றியதைச் சொன்னால் பூசைக்கு அனுமதி கேட்ட வாய் கெட்டுப்போகும், லயத்துப் பையனை நம்பினால் இப்படித்தான் என்றாகிவிடும். இப்போது தெரியும். முழங்காலில் மேசைக்கடித் தூசி ஒட்டியிருக்க, எழுந்து நின்று சொன்னான்:

"ஈரம் காய்ந்துவிட்டது சேர்."

அன்று பின்னேரமே பெரிய கிளாக்கர் புஷ்பவதியைக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னார். "நாளைக்கு இருந்து மலைக்குப் போ. இங்கே சாமான் எல்லாம் பெறுமதி." அவள் தலையாட்டினாள். போகும்போது ஸ்ரீதரனின் மேசையருகே நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. எனக்குத் தெரியாமப் போச்சு. ஒங்களுக்கும் பேச்சு வாங்கிக் குடுத்துட்டேன்."

"பரவால்லக்கா" என்றான் ஸ்ரீதரன். அவள் மேல்தான் தப்பு, அவன் பெரிய மனது பண்ணி மன்னிக்கிறான் என்பதுபோல. பரவாயில்லையாம். அந்த ஒரு சொல்லை நினைத்து அவன் பிற்பாடு குறுகிப்போன நாட்களுக்கு அளவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தான். நாளை என்பது தீபாவளி கழித்து என்றானது, பிறகு தைப்பொங்கல் கழித்து. புஷ்பவதி புல் வெட்டுகிற கூட்டத்தோடு காலை இழுத்து இழுத்து ஆபீஸைக் கடந்து போவாள். அந்த நேரம் பார்த்து அவன் ஃபைலில் தலையைப் புதைத்துக்கொள்வான். இதற்கிடையில், ஈரம் பட்ட பிரிண்டரைப் பிழைக்க வைத்த பையன் என்று பெயர் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரவி, போன் வர ஆரம்பித்தது. சோறு போட்டுத் தேத்தண்ணி கொடுத்துப் புகழ்ந்தார்கள். பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிடுவான்.

பெப்ரவரியில் தாஸிம் சர்வீஸ் செய்ய வந்தார். மேசைக்கடியிலிருந்து ஐந்தாவது வயரை உருவியெடுத்துச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "அண்டைக்கு லூப் அடிச்சது இதுதானே தம்பி? பூசைக்குக் கழட்டிட்டு மாத்திச் சொருகினீங்க போல. இது இங்க கெடந்தா இன்னொருத்தரும் சொருகுவாரு."

பெரிய கிளாக்கர் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். பேனாவை மூடி வைத்தார். தாஸிம் போகும்வரை காத்திருந்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்.

"ஈரம் இல்லையா அப்போது?"

ஸ்ரீதரன் எழுந்து நின்றான். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

"நான் அந்தப் பெண்ணைக் கெட்ட காலோடு மலைக்கு அனுப்பினேன். உன்னை நம்பி அனுப்பினேன். நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா. எதற்கு என்பதையும் நீயே உன் வாயால் சொல்."

மறுநாள் வேலை விட்டதும் லயத்துக்குப் போனான். தானாகச் சொல்ல வரவில்லை, பிடிபட்டுச் சொல்லப் போகிறான் என்ற நினைப்பே அவனைப் பாதியாக்கியிருந்தது. புஷ்பவதி இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி, வாங்க" என்று எழப் பார்த்தாள். "நீங்க வருவீங்கன்னு நெனக்கவே இல்ல. ஒக்காருங்க."

"கிளாக்கரையா ஒங்கள ஆபீஸுக்கு வரச் சொல்றாருக்கா. பழைய வேலைக்கே."

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். "வேணாம் தம்பி. நான் புல்லு வெட்டியே இருந்துக்கிறேன்."

உள்ளே சேலைத் தொட்டிலில் ஒரு குழந்தை அழுதது. பிள்ளைப்பேறுக்கு அரநாயக்கவிலிருந்து தங்கச்சி துஷ்யந்தி வந்திருப்பதாகவும், கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை என்றும் புஷ்பவதி சொன்னாள். அழுகை கூடியது. அவள் எழுந்து போகவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம் திரும்பி, "துஷ்யந்தி, புள்ள அழுவுது, வாடி" என்று கூப்பிட்டாள்.

"நீங்க தூக்கலாமேக்கா" என்றான் ஸ்ரீதரன்.

"நான் தொடுறதில்ல." தன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "எனக்குக் கைராசி இல்ல தம்பி. அவ்வளவு பெரிய பொட்டியே என் கை பட்டு நின்னு போச்சு. இது பச்ச மண்ணு. பொறந்து இருபத்தோரு நாளாச்சு, துணி தொவைக்கிறேன், தண்ணி காய வைக்கிறேன். தூக்கினதில்ல. அவளுக்கும் மனத்தாங்கல்தான். என்னன்னு சொல்றது?"

அவன் அவளிடமிருந்து எடுத்தது ஒரு வேலையை என்று நினைத்துக்கொண்டிருந்தான். நாலு மாதமாக அதற்குத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். இது அவன் கணக்கிலேயே இல்லை. நின்ற இடத்தில் அப்படியே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போல் இருந்தது.

சொன்னான். வயரைக் கழற்றியது, மாற்றிச் சொருகியது, துணிக்கும் ஈரத்துக்கும் அதில் சம்பந்தமே இல்லை என்பது, எல்லாம். சொல்லும்போது அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது ஒங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே தெரியும்."

"நான் ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் அதன் தலையைத் தாங்கியபடி வாசலுக்கு வந்தாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. குழந்தையைவிட்டு அவள் பார்வை நகரவில்லை.

பீலியிலிருந்து குடத்தோடு வந்த துஷ்யந்தி அக்காளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, இஸ்தோப்பின் ஓரத்தில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"யாருக்கா இவரு?"

"ஆபீஸ்ல இருந்து ஒருத்தரு" என்றாள் புஷ்பவதி. "நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டுப் போக வந்திருக்காரு."

வந்த விஷயம் முடிந்துவிட்டது. ஸ்ரீதரன் செருப்பை மாட்டிக்கொண்டு லயத்துப் படியில் இறங்கினான்.